அவள் எந்தக் கட்சி?

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயர் எங்கள் வடகரைப் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு விண்ணப்பப் படிவத்தின் வழியாகத்தான் அறிமுகம். 1989இல் திமுக ஆட்சி தொடங்கிய திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2011இல் அதிமுக ஆட்சி அதே திட்டத்தில் தாலிக்கு 4 கிராம் தங்கத்தைச் சேர்த்தது. 2016இல் அது 8 கிராம் ஆயிற்று. பத்தாவது படித்த பெண்ணுக்கு 25,000 ரூபாய், பட்டமோ பட்டயமோ பெற்றவளுக்கு 50,000 ரூபாய். 2022இல் மறுபடியும் திமுக ஆட்சி, திருமண உதவியைக் கல்வி உதவியாக மாற்றியது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். ‘புதுமைப் பெண்’ என்று ஊரில் எல்லோரும் சொல்வது இதைத்தான்.

தாலியை அடிமைச் சின்னம் என்று மேடைதோறும் பேசிய சுயமரியாதை இயக்கத்துப் பெண்ணின் பெயரால் பத்தாண்டுக்கு மேல் தாலித் தங்கம் வழங்கப்பட்டது. நான் இதைக் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. பீடி சுற்றிப் பிழைக்கும் வீடுகளில், “பத்தாவது முடிச்சாத்தான் அந்தப் பணம் கிடைக்கும்” என்ற ஒரே காரணத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் விட்டுவைக்கப்பட்ட பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும். என் வியப்பு வேறு. இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறிச் சுமந்த இந்தப் பெயருக்குரியவர், எந்தக் கட்சிக்குள்ளும் கடைசிவரை அடங்காதவர். காங்கிரஸில் இருந்தார், வெளியே வந்தார். பெரியாரோடு கால் நூற்றாண்டு நடந்தார், அங்கிருந்தும் வெளியே வந்தார். பிறகு திமுகவில் நின்றார். அவர் வாழ்க்கையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் பலரும் “கட்சி மாறியவர்” என்றுதான் முடிப்பார்கள். அந்த வரி எவ்வளவு தவறு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அது என் சொந்த வழக்கும்கூட.

வடகரை, தென்காசி மாவட்டத்தில் பண்பொழிக்கும் அச்சன்புதூருக்கும் அருகே மலையடிவாரத்தில் உள்ள பேரூர். அரசு ஏட்டில் வடகரை கீழ்பிடாகை பேரூராட்சி. சாரல் காலத்தில் ஊரே நனைந்து கிடக்கும். பள்ளிவாசலும் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர். இங்கே ஓர் ஆளைப் பற்றி முதலில் கேட்பது எந்தத் தெரு என்பது. அடுத்தது எந்தக் கட்சி. ஆண்களிடம் “நீங்க எந்தக் கட்சி?” என்பார்கள். பெண்களிடம் “உங்க வீடு எந்தக் கட்சி?” என்பார்கள். வீட்டுக்குக் கட்சி உண்டு, சுவருக்குக் கட்சி உண்டு, வாசலில் கட்டிய கொடிக்குக் கட்சி உண்டு. உள்ளே சொளவை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருப்பவளுக்குத் தனியாக ஒன்று இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

என் கருத்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்தச் சுவரிலும் எழுத முடியாது. இடஒதுக்கீட்டிலும் மொழியிலும் நான் திராவிட இயக்கத்தின் பேத்தி. பீடிக் கூலி என்று வந்தால் சிவப்புக் கொடி பிடித்த சங்கத்தோடு நிற்பேன். ஆனால், புகையிலைத் தூளை முப்பது வருடம் மூச்சில் இழுத்தவர்கள் நடுவில் வளர்ந்ததால், இந்தத் தொழிலே ஒரு தலைமுறைக்குள் முடிந்து வேறு வேலை வரவேண்டும் என்றும் சொல்வேன். அப்போது சங்கத்துத் தோழர்களின் முகம் சுருங்கும். மதுக்கடை விஷயத்தில் நான் பழைய காந்தியவாதிகளின் பக்கம். ஆட்சியில் இருக்கும் எந்தக் கட்சிக்காரருக்கும் அது பிடிக்காது. ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்பேன். சாதி ஓட்டை எண்ணுகிற எல்லோரும் அங்கே பேச்சை மாற்றுவார்கள்.

2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் வந்தது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று தமிழ்நாட்டில் 2016இலேயே சட்டம் திருத்தப்பட்டிருந்ததால், கட்சிகள் எல்லாம் பெண் வேட்பாளர் தேடி அலைந்தன. ஒரு கட்சியிலிருந்து எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். பேசியது என் கணவரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, “மதினி, நீங்க சும்மா நின்னாப் போதும். மத்ததையெல்லாம் அண்ணாச்சி பாத்துக்கிடுவாங்க” என்றார் வந்தவர். நான் மதுக்கடையைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். “கட்சின்னு வந்துட்டா கட்சி பேசுறதைத்தான் பேசணும்” என்றார். கெட்ட மனிதர் இல்லை, உள்ளதைச் சொன்னார். நான் நிற்கவில்லை. அன்றிலிருந்து ஊரில் எனக்கு “அவ எதுலயும் ஒட்டமாட்டா” என்று பெயர். அந்தப் பெயருக்கு ஒரு முன்வரலாறு இருக்கிறதா என்று தேடப் போனதில்தான் இந்தப் பெண்களிடம் வந்து சேர்ந்தேன்.

முதலில் ஓட்டின் கதை. இந்தியாவில் பெண்களுக்கு வாக்குரிமை தந்த முதல் மாகாணம் சென்னை. ஆண்டு 1921, ஆட்சி நீதிக்கட்சியுடையது. ஆனால் சொத்துத் தகுதி இருந்தால்தான் ஓட்டு. அப்படிச் சொத்து வைத்திருந்த பெண்கள் கொஞ்சம் பேர்தான். 1935 இந்திய அரசுச் சட்டம் வட்டத்தைச் சற்று அகலமாக்கியது. அதில் ஒரு வழி, தகுதியுள்ள ஆணின் மனைவி என்ற முறையில் வாக்காளராவது. கணவனின் சொத்து வழியாக மனைவிக்கு ஓட்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு, 1951–52இல், பட்டியல் தயாரித்தபோது, பெரும்பாலும் வட மாநிலங்களில், பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று மட்டும் பதிந்திருந்தார்கள். அப்படியே ஏற்க முடியாது என்றார் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து போயின.

எங்கள் பக்கத்திலேயே இதற்கு இன்னொரு உருவம் உண்டு. 1981 பிப்ரவரியில் பக்கத்து மீனாட்சிபுரத்தில் தலித் மக்கள் சாதிக் கொடுமை தாங்காமல் பெருமளவில் இஸ்லாத்தைத் தழுவியபோது நாடே திரும்பிப் பார்த்தது. டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்தார்கள். இத்தனை குடும்பங்கள் மாறின என்று எழுதினார்கள். குடும்பம்தான் கணக்கு. அந்தக் குடும்பத்துக்குள் இருந்தவள் என்ன நினைத்தாள், எதற்காக ஒப்பினாள், எதற்குத் தயங்கினாள் என்று நான் படித்தவற்றில் மிகக் குறைவாகவே இருக்கிறது. மதத்துக்கும் கட்சிக்கும் பெண் வீட்டின் வழியாகத்தான் வந்து சேர்கிறாள் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டிருந்தார்கள்.

இனி இராமாமிர்தம். 1883இல் பிறந்தவர், மாயவரத்துக்குப் பக்கத்தில் மூவலூரில் வளர்ந்தவர். வறுமையில் சிறு பிள்ளையாகவே ஒரு தாசி வீட்டில் விடப்பட்டு ஆட்டமும் பாட்டும் கற்றார். வயது முதிர்ந்த ஒருவருக்கு அவரைக் கட்டிவைக்க நினைத்தபோது மறுத்துத் தம் இசை ஆசிரியரான சுயம்புப் பிள்ளையை மணந்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க ஊர் ஊராகப் போய்ப் பேசத் தொடங்கியபோது அவர் உடுத்தியிருந்தது கதர். காந்தியின் காங்கிரஸ் அவருக்கு மேடை தந்தது.

அந்த மேடை உடைந்ததில் எங்கள் சீமைக்கும் ஒரு பங்கு உண்டு. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், சேரன்மாதேவியில், வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் பணம் கொடுத்திருந்தது. தேசியக் கல்வி என்று சொல்லப்பட்ட அந்த இடத்தில் பிராமணப் பிள்ளைகள் தனியே உண்டார்கள் என்ற செய்தி 1924–25இல் கட்சியையே இரண்டாக்கியது. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி பிரதிநிதித்துவத் தீர்மானம் தடுக்கப்பட, பெரியார் வெளியேறினார். இராமாமிர்தமும் வெளியேறினார். சாதியால் நசுக்கப்பட்ட பெண்ணின் விடுதலையைப் பேச, சாதி பார்த்துப் பந்தி வைக்கும் இடம் அவருக்கு உதவாது.

1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலை வெளியிட்டார். அந்த உலகத்துக்குள் வாழ்ந்து வெளியே வந்த ஒரு பெண்ணே எழுதியது என்பது அதன் பலம். 1938இல் ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது, ஆகஸ்ட் 1 அன்று திருச்சியிலிருந்து சென்னை நோக்கி ஒரு நடைப்பயணம் கிளம்பியது. நூறு பேர் கொண்ட அந்தப் படையில் அவர் ஒருவரே பெண். வயது 55. செப்டம்பர் 11இல் சென்னை சேர்ந்தார்கள். அதே நவம்பரில் மறியலில் கைதாகி ஆறு வாரம் சிறையில் இருந்தார்.

1949இல் பெரியார் தம்மைவிட மிக இளையவரான மணியம்மையை மணந்தார். இராமாமிர்தம் அதைக் கடுமையாக எதிர்த்தார். செப்டம்பரில் அண்ணா திமுகவைத் தொடங்கியபோது அங்கே போனார். முதியவருக்குத் தன்னைக் கட்டிக்கொடுக்க வந்ததை இளமையில் மறுத்த பெண், தலைவரே ஆனாலும் அதை ஏற்க மறுத்ததில் ஒரு நேர்கோடு இருக்கிறது. ஆனால் இங்கே நான் முழுதாக அவர் பக்கம் நிற்கமாட்டேன். அந்தச் சர்ச்சையில் மணியம்மை என்ற வயதுவந்த பெண்ணின் முடிவை யாரும் ஒரு முடிவாகவே மதிக்கவில்லை. பிற்காலத்தில் திராவிடர் கழகத்துக்கே தலைமை ஏற்று, 1974 டிசம்பரில் இராவண லீலா நடத்திக்காட்டியவர் அவர். பெண்ணுக்காக எழுந்த கோபத்திலும் ஒரு பெண் மறைந்துபோகலாம் என்பதை அந்த 1949 எனக்குச் சொல்கிறது.

1985இல் நம் நாட்டில் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது. பதவிக்கும் பணத்துக்கும் தாவுகிறவர்களுக்காக வந்த சட்டம் அது. இராமாமிர்தம் சட்டமன்றத்துக்கும் போகவில்லை, நாடாளுமன்றத்துக்கும் போகவில்லை. மூன்று அமைப்புகளிலும் அவர் பேசியது ஒன்றுதான்: பெண்ணின் உடலைக் கடவுள் பெயரிலோ குலத்தின் பெயரிலோ அடுத்தவர் கையில் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. 1962 ஜூனில் இறக்கும்வரை அதில் மாற்றம் இல்லை.

இதே கேள்வியை வேறு வாசல் வழியாக எடுத்துச் சென்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தார். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். மருத்துவப் பட்டம் பெற்று, பெண்கள் அமைப்பின் ஆதரவோடு சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். கட்சிச் சீட்டில் வந்தவரில்லை. பெண்களை ஆலயத்துக்கு அர்ப்பணிப்பதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். 1929இல் அறநிலையச் சட்டத் திருத்தம் வந்தது. தாசிகளின் மானிய நிலம், கோயில் ஊழியம் என்ற நிபந்தனையிலிருந்து விடுபட்டு அவர்களுக்கே சொந்தமாக வழி பிறந்தது. நிலத்தைக் கையில் கொடுத்துவிட்டு வழக்கத்தை ஒழி என்பது நல்ல யோசனை. எனக்கு அவர் செய்ததில் மிகப் பிடித்தது இதுதான்.

1930இல் பொட்டுக்கட்டு ஒழிப்பு மசோதாவைக் கொண்டுவந்தார். காங்கிரஸ்காரரான சத்தியமூர்த்தி எதிர்த்தார், சுயமரியாதைக்காரர்கள் ஆதரித்தார்கள். கட்சிக் கணக்கு மட்டும் போட்டால் முத்துலட்சுமி அப்போதே காங்கிரஸுக்கு எதிர்ப்பக்கம் போயிருக்க வேண்டும். அவரோ உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தியைக் கைது செய்ததைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். தம் மசோதா பாதி வழியில் நிற்கும்போது, அதை எதிர்த்தவர்களின் தலைவருக்காகப் பதவியை விட்டார். குழப்பமா இது? அவருக்கு நாட்டு விடுதலையும் பெண் விடுதலையும் இரண்டு தனிக் கணக்கு. ஒன்றில் பட்ட கடனை மற்றதில் அவர் கழிக்கவில்லை.

அதற்கான விலையையும் சொல்ல வேண்டும். உள்ளே நின்று தள்ள ஆள் இல்லாமல் மசோதா கிடப்பில் கிடந்தது. 1937 முதல் 1939 வரை இருந்த காங்கிரஸ் ஆட்சியிலும் நிறைவேறவில்லை. 1947இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில்தான் சட்டமானது. 17 ஆண்டுகள். அந்த இடைவெளியில் பொட்டுக் கட்டப்பட்ட ஒவ்வொரு சிறுமிக்கும், எந்தக் கட்சி எப்போது ஆட்சியில் இருந்தது என்பது வாழ்க்கைப் பிரச்சினை. ஆகவே “எல்லாக் கட்சியும் ஒன்றுதான், எனக்கு அரசியலே வேண்டாம்” என்று ஒதுங்குவதை நான் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. மேடை இல்லாமல் இராமாமிர்தம் இல்லை. அவை இல்லாமல் முத்துலட்சுமி இல்லை.

மூன்றாவது ஒருத்தியையும் இங்கே உட்காரவைக்க வேண்டும்: பெங்களூர் நாகரத்தினம்மாள். முத்துப்பழனியின் ‘ராதிகா சாந்த்வனம்’ என்ற தெலுங்குக் காவியத்தை 1910இல் முழுதாகப் பதிப்பித்து, ஆபாசம் என்ற பெயரில் ஆங்கில அரசின் தடையைச் சந்தித்தவர். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தம் சொத்தைச் செலவிட்டவர். முத்துலட்சுமியின் முயற்சிக்கு எதிராகத் தேவதாசிகள் திரண்டு மனு கொடுத்தபோது அவர் அந்த வரிசையில் இருந்தார். எங்கள் கலையையும் சொத்துரிமையையும் பிடுங்கிக்கொண்டு எங்களை விபச்சாரிகள் என்று ஏன் சொல்கிறீர்கள் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். நான் ஒழிப்பின் பக்கம்தான். ஆனாலும் சட்டம் வந்த பிறகு, அவர்களுடைய ஆட்டம் மேல்சாதி வீட்டுப் பெண்களின் மேடைக்குப் போய் மதிப்பு பெற்றதையும், அவர்கள் பேத்திகள் பூர்வீகத்தைச் சொல்லவே கூசியதையும் பார்க்கும்போது, அந்த மனுவில் ஒரு பாதி உண்மை இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். இரண்டு தரப்பிலும் அதைக் கேட்கக் காது இல்லை. கட்சி கட்டிவிட்டால் எதிராளியின் பாதி உண்மைக்கு இடமிருப்பதில்லை.

இது பழங்கதை மட்டும் இல்லை. முத்துலட்சுமி பிறந்த அதே புதுக்கோட்டையில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஷெரீஃபா கானம் முஸ்லிம் பெண்களைக் கூட்டிப் பெண்கள் ஜமாத் அமைத்தார். தலாக், மஹர், ஜீவனாம்சம் பற்றி ஆண்கள் மட்டும் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதைக் கேள்வி கேட்டார். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது என்றது. 2019இல் நாடாளுமன்றம் அதைச் சொல்லும் கணவனுக்கு மூன்று ஆண்டுவரை சிறை என்று சட்டம் செய்தது. எங்கள் ஊரில் என் வயதுத் தோழிகளோடு இதைப் பேசியிருக்கிறேன். முத்தலாக் ஒழியவேண்டும் என்பதில் அவர்களுக்குத் தயக்கமே இல்லை. “மாப்பிள்ளையை உள்ள போட்டுட்டா என் பிள்ளைக்குச் சோறு யாரு போடுவா?” என்பதும் அவர்களே கேட்டதுதான். முதல் பாதியைச் சொன்னால் பாஜக என்கிறார்கள். இரண்டாம் பாதியைச் சொன்னால் ஜமாத்துக்கு அடங்கிப் போனவள் என்கிறார்கள். இரண்டையும் ஒரே வாயால் சொல்பவளுக்கு இடம் எங்கே?

அவள்தான் தெளிவானவள் என்பது என் கட்சி. இரண்டு பக்கமும் ஊசலாடுகிறவள் என்று அவளைச் சொல்வது, கட்சிகள் நிற்கும் இடத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு பேசுவது. அவள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் கட்சிகள்தான் வந்து போகின்றன. இராமாமிர்தத்தைவிட்டு காங்கிரஸ் 1925இல் விலகியது என்று எழுதினால் வரலாறு எவ்வளவு வேறாக ஒலிக்கிறது பாருங்கள்.

பீடி சுற்றும் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கொடுத்த இலை எவ்வளவு, தூள் எவ்வளவு, போட்ட பீடி எத்தனை ஆயிரம் என்று கடைக்காரர் ஒரு புத்தகத்தில் எழுதுவார். கழிவு என்று சில கட்டுகளைத் தள்ளிவிடுவதும் அவர்தான். ஆனால் விவரமானவர்கள் வீட்டுக் காலண்டரின் பின்னால் தம் கணக்கைத் தனியாக எழுதி வைப்பார்கள். அதற்காகக் கடைக்குப் போகாமல் இருப்பதில்லை. போய், இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்பார்கள். ஓட்டு விஷயத்திலும் நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். ஒவ்வொரு தேர்தலிலும் ஏதோ ஒரு கட்சிக்கு ஓட்டுப் போடுகிறேன், போடாமல் இருந்ததில்லை. யாருக்கு என்பதை வீட்டில் சொல்வதில்லை. மதுக்கடை, பீடிக் கூலி, பள்ளிக்கூடம், ஆணவக் கொலைச் சட்டம் என்று என் பட்டியல் என்னிடம் இருக்கிறது. அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கு எங்கள் தெருப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து அதை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் வாசலில் நின்று வாசிக்கட்டும். அண்ணாச்சியிடம் பேசுவதற்கு முன்னால் எங்களிடம் பேச வேண்டியிருக்கும்.